பிப்ரவரியில் மே மாத வெயில்: லேக் ஃபோர்க் ஏரியில் கிராப்பி பிடிக்க அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாலஸிலிருந்து கிழக்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால் லேக் ஃபோர்க். 1980-இல் அணை அடைக்கப்பட்டு, மரங்களை வெட்டாமல் அப்படியே முழுகவிட்ட 27,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நீர்த்தேக்கம். பாஸ் மீனுக்குப் பேர்போன ஏரி என்றாலும், குளிர்காலத்தில் கிராப்பி என்ற சின்ன நன்னீர் மீனுக்காக வருகிறவர்களும் ஏராளம். கிழக்கு டெக்சாஸில் பிப்ரவரிப் பகல் வெப்பம் சாதாரணமாக 60 டிகிரி ஃபாரன்ஹீட்டை (16 செல்சியஸ்) ஒட்டி இருக்கும். ஆனால் சில ஆண்டுகளில் திடீரென 80-ஐத் தொடும். 2024 பிப்ரவரி 26-ஆம் தேதி டாலஸில் 90-ஐயும் தாண்டியது. இரண்டே நாளில் வாடைக்காற்று வந்து எல்லோரையும் மறுபடி ஸ்வெட்டர் போட வைத்தது. இப்படிப்பட்ட வாரங்களில் வரும் கேள்விகளுக்கான பதில்கள்தான் கீழே இருப்பவை. வெப்ப அளவெல்லாம் அங்கே புழங்குகிறபடி ஃபாரன்ஹீட்டில். தேவைப்படும் இடத்தில் செல்சியஸும் உண்டு.

ஒரு வாரம் நல்ல வெயில் அடித்துவிட்டது. கிராப்பி முட்டையிடக் கரைக்கு வந்திருக்குமா?

பெரும்பாலும் இல்லை. பாதி வழி வந்திருக்கும்.

வெயில் சுடுவது மேல் தண்ணீரைத்தான். படகில் உள்ள, நீரின் வெப்பம் காட்டும் கருவி மாலை மூன்று மணிக்கு 63 காட்டும். மூன்றடி கீழே அதே தண்ணீர் 57-இல் இருக்கும். அந்த 63 இரவோடு இரவாகக் கரைந்து, விடியும்போது 55-க்கு இறங்கியிருக்கும். கிராப்பி கூடு தோண்டி முட்டையிடுவது தண்ணீர் 60-களின் நடுப்பகுதியில் (17–20 செல்சியஸ்) நிலைத்து நிற்கும்போது. பகல் நீளுவதும் அதற்கு ஒரு தூண்டுதல். பிப்ரவரிப் பகலின் நீளத்தை எந்த வெயிலும் மாற்றப் போவதில்லை.

அதனால் மீன் என்ன செய்கிறது? 25–35 அடி ஆழத்தில், ஏரியடியில் முழுகிய பழைய ஓடைத் தடத்தின் மேல் மிதந்துகொண்டிருந்த கூட்டம் மேலே ஏறி, விரிகுடாக்களின் வாசலில் 8–15 அடி ஆழத்தில் உள்ள மரங்களில் ஒண்டிக்கொள்கிறது. மத்தியானம் சூடு ஏறியதும் அங்கிருந்து 3–6 அடித் தண்ணீருக்கு மேயப் போகும். பொழுது சாய்ந்ததும் திரும்பிவிடும். ஏமாறுகிறவர்கள் இரண்டு வகை. காலண்டரைப் பார்த்து ஆழத்திலேயே நிற்கிறவர்கள் ஒரு வகை. வெயிலைப் பார்த்துக் காலை ஏழு மணிக்கே கரையோரம் தூண்டில் போடுகிறவர்கள் இன்னொரு வகை.

அப்படியானால் எந்த வெப்பத்தை நம்புவது?

விடியற்காலை அளவை. மாலை அளவு ஆசை காட்டும், அவ்வளவுதான். மூன்று நாள் தொடர்ந்து விடியலில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

விடியல் அளவு 50-க்குக் கீழே இருந்தால், பகலில் என்ன வெயில் அடித்தாலும் ஆழத்தை விடாதீர்கள். 52–57 என்றால் மேலே சொன்ன இடைவழி ஆழம்: 8–15 அடி. மூன்று நாளும் 58-க்கு மேல் நின்றால் 4–8 அடியில் நாள் முழுவதும் மீன் கிடைக்கும். 62-க்கு மேல் நின்றால், அது பிப்ரவரியாகவே இருந்தாலும், ஆண் மீன்கள் கறுத்துப்போய்க் கோரையோரம் இடம் பிடிக்கத் தொடங்கிவிடும்.

படகும் கருவியும் இல்லாமல் ஆழத்து வெப்பத்தை எப்படி அளப்பது?

மீன்தொட்டிக்கு விற்கும் சாதாரண வெப்பமானி போதும். அதன் குமிழ்ப் பகுதியைப் பழைய துணியால் நாலைந்து சுற்றுச் சுற்றி, ஒரு ஈயக்குண்டோடு சேர்த்துத் தூண்டில் நரம்பில் கட்டுங்கள். வேண்டிய ஆழத்துக்கு இறக்கி ஐந்து நிமிடம் விட்டு, சட்டென்று இழுத்துப் பாருங்கள். துணி இல்லாவிட்டால் மேலே வருவதற்குள் மேல் தண்ணீரின் வெப்பத்தை அது பிடித்துக்கொள்ளும். துணி சுற்றுவதே அதைத் தாமதப்படுத்தத்தான்.

ஏரியின் எந்தப் பக்கம் முதலில் சூடாகும்?

வடக்கு, வடமேற்குக் கரையின் விரிகுடாக்கள். குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் அந்தக் கரைகள்தான் வெயிலை நேராக வாங்கும். வாடைக்காற்றும் அங்கே மேட்டின் பின்னால் மறைந்துபோகும். வெப்பமான நாட்களில் தெற்குக் காற்றுதான் வீசும். அது சூடான மேல் தண்ணீரை அள்ளிக்கொண்டு போய் வடகரையில்தான் சேர்க்கும். ஆகவே காற்று முகத்தில் அடிக்கும் கரையைப் பார்த்து அலுத்துக்கொள்ளாதீர்கள். வசதியாக இருக்கும் எதிர்க்கரையை விட இங்கே தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கலாம்.

கலங்கிய தண்ணீர் தெளிந்த தண்ணீரை விடச் சீக்கிரம் சூடாகும். கருஞ்சேற்று அடியும், பாலத்தடிக் கற்குவியலும் அப்படியே. லேக் ஃபோர்க்கில் கேனி, லிட்டில் கேனி ஓடைக் கிளைகளின் உட்பகுதிகள், அணையை ஒட்டிய திறந்த நீரை விட எப்போதும் முந்தும். ஆனால் விரிகுடாவின் கடைக்கோடிக்குப் போகாதீர்கள். அங்கே ஆழம் இரண்டடிதான்; சூடாகும் வேகத்திலேயே ஆறியும் விடும். வாசலுக்கும் கடைக்கோடிக்கும் நடுவில், பழைய ஓடைத் தடம் கரையை நெருங்கி வளையும் இடம் ஒன்று இருக்கும். வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்கும் மரங்கள்தான் முதல் இலக்கு.

எந்த நேரம் நல்லது?

மத்தியானம் ஒரு மணி முதல் ஐந்து மணி வரை. கோடையில் விடியற்காலை தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கு இது மனசுக்கு ஒவ்வாது. காலையில் போவதானால் 12–15 அடி மரங்களில் தொடங்கி, வெயிலோடு சேர்ந்து கரையை நோக்கி நகருங்கள்.

கறுப்பு கிராப்பி, வெள்ளை கிராப்பி என்று பிரித்துப் பார்க்கத் தேவை உண்டா?

அளவுக்கும் எண்ணிக்கைக்கும் இல்லை. சட்டம் இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். இடம் தேடுவதற்கு உதவும். முதுகுத் துடுப்பில் முட்களை எண்ணுங்கள்: ஐந்து அல்லது ஆறு என்றால் வெள்ளை, ஏழு அல்லது எட்டு என்றால் கறுப்பு. நிறத்தை நம்ப வேண்டாம். முட்டைக் காலத்தில் வெள்ளை கிராப்பி ஆணும் கறுத்துவிடும். கறுப்பு கிராப்பிக்குத் தெளிந்த நீரும் நீர்ச்செடியும் பிடிக்கும். வெள்ளை கிராப்பி கலங்கலைத் தாங்கும், திறந்த நீரில் கூட்டமாகத் திரியும்.

தூண்டில், நரம்பு, முள் எல்லாம் என்ன அளவு?

பாஸ் மீனுக்கு வாங்கிய கனமான ராடை (தூண்டில் கம்பை) வீட்டிலேயே வையுங்கள். ஆறரை முதல் ஏழடி வரை நீளமுள்ள மெல்லிய ராடு, நரம்பு சுற்றும் சின்ன ஸ்பின்னிங் ரீல், 6 பவுண்டு இழுவை தாங்கும் மோனோ (ஒற்றை இழை) நரம்பு. மரத்தடியில் நேராக இறக்கிப் பிடிப்பதானால் 10–12 அடி நீளக் கிராப்பி கம்பு வசதி. படகை மரத்தில் இடிக்காமல் எட்டிப் போடலாம்.

உயிர்ப் பொடிமீனுக்கு, அங்கே மின்னோ என்பார்கள், 4-ஆம் எண் அபர்டீன் முள். மெல்லிய கம்பியால் ஆன அந்த முள்தான் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. லேக் ஃபோர்க்கில் முள் கிளையில் மாட்டாத நாளே கிடையாது. நரம்பைக் கையில் சுற்றி மெதுவாக இழுத்தால் மெல்லிய முள் நிமிர்ந்து வெளியே வந்துவிடும். குறட்டால் வளைத்து மறுபடி போடலாம். தடித்த முள் என்றால் அறுவது நரம்பு.

ஜிக் (ஈயத் தலை வைத்த முள்ளில் மாட்டும் செயற்கை இரை) என்றால் 1/16 அவுன்ஸ் முக்கியம். கூடவே சில 1/32, காற்று நாளுக்குச் சில 1/8. உடல் இரண்டு அங்குல ரப்பர். தெளிந்த நீரில் வெள்ளியும் சாம்பலும், மழைக் கலங்கலில் கறுப்போடு சேர்ந்த பசுமஞ்சள். நிறத்தைப் பற்றிக் கடைக்காரர் இதைவிடப் பத்து மடங்கு பேசுவார். ஆழம் சரியாக இருந்தால் நிறம் இரண்டாம் பட்சம்.

நகரும் தக்கையை எப்படிக் கட்டுவது? எனக்கு அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதே இல்லை.

நரம்பில் வழுக்கிப் போய் முடிச்சில் நிற்கும் தக்கை இது. ராடு பக்கமிருந்து கோக்க வேண்டிய வரிசை: முதலில் நூல் முடிச்சு, அடுத்து சின்ன மணி, பிறகு தக்கை, அதன் கீழே ஈயம், கடைசியில் முள்.

நூல் முடிச்சை இறுக்கி ஈரப்படுத்தி, வேண்டிய ஆழத்துக்கு நகர்த்துங்கள். மீன் பத்தடியில் நிற்கிறது என்றால் முள்ளிலிருந்து முடிச்சு வரை ஒன்பது அடி. கிராப்பியின் கண் மேல்நோக்கி இருக்கிறது. தலைக்கு மேலே உள்ளதைத் தேடி ஏறும், கீழே கிடப்பதைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. ஆழத்தில் தவறு செய்வதானால் மேல்பக்கமாகத் தவறு செய்யுங்கள்.

தக்கை நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனால் மணியை மறந்திருப்பீர்கள். முடிச்சு தக்கையின் துளைக்குள் புகுந்துவிடுகிறது. தக்கை படுத்தே கிடந்து நிமிரவில்லை என்றால் ஈயம் போதவில்லை, அல்லது இரை தரையில் உட்கார்ந்துவிட்டது. தக்கை தலை மட்டும் தெரிய முழுகி நின்றால் ஈயம் அதிகம். மெல்லிய கொத்து தெரியாது. ஈயம் முள்ளுக்கு ஓரடி மேலே இருக்கட்டும். அதைவிடக் கிட்டே வைத்தால் பொடிமீன் நீந்தாது.

நன்றாக நின்ற தக்கை திடீரென்று படுத்துக்கொண்டால் அதுவும் கொத்துதான். மீன் இரையைக் கவ்விக்கொண்டு மேலே வந்திருக்கிறது, ஈயத்தின் பாரம் இப்போது தக்கையில் இல்லை. தக்கை உள்ளே போகட்டும் என்று காத்திருந்தால் துப்பிவிடும்.

ஜிக்கா, பொடிமீனா?

வெப்ப வாரத்தில் மத்தியான நேரத்து ஆழம் குறைந்த நீருக்கு ஜிக். காலை நேரத்துக்கும், வாடைக்காற்று வந்த மறுநாளுக்கும் பொடிமீன். ஒன்றையே கொண்டுபோவதானால் பொடிமீனைக் கொண்டுபோங்கள்.

ஜிக்கை வீசினால் அது இறங்கும்போது எண்ணுங்கள். 6 பவுண்டு நரம்பில் 1/16 அவுன்ஸ் ஜிக் வினாடிக்குச் சுமார் ஓரடி இறங்கும். எட்டு எண்ணியபோது கொத்தினால் அடுத்த வீச்சிலும் எட்டு எண்ணியபின் சுற்றத் தொடங்குங்கள். சுற்றுவது மிக மெதுவாக: ரீல் கைப்பிடி ஒரு சுற்றுக்கு இரண்டு வினாடி. பெரும்பாலானவர்கள் இதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றிவிட்டு மீனே இல்லை என்கிறார்கள். நேராக இறக்கிப் பிடிக்கும்போது ஜிக் படுக்கைவாட்டில் தொங்க வேண்டும். முடிச்சு வளையத்தின் முன்பக்கமாக நழுவியிருந்தால் தலைகீழாக நிற்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் முடிச்சை வளையத்தின் உச்சிக்குத் தள்ளிவிடுங்கள்.

பொடிமீனைத் தக்கையின் கீழே சும்மா விடுவதானால் முதுகுத் துடுப்புக்குக் கீழே, முள்ளெலும்புக்கு மேலே குத்துங்கள். எலும்பில் பட்டால் அது அப்போதே செத்தது. இழுத்துக்கொண்டு போவதானால் கீழுதட்டிலிருந்து மேலுதடு வழியாக.

கொத்துகிறது, பாதி வழியில் கழன்று போய்விடுகிறது. ஏன்?

வாயின் ஓரத்தோல் காகிதம் மாதிரி மெல்லியது. சுண்டி இழுத்தால் ஓட்டை பெரிதாகி முள் கழன்றுவிடும். மணிக்கட்டை உயர்த்தினாலே போதும், முள் ஏறிவிடும். ரீலின் இழுவிசையைத் தளர்த்தி வையுங்கள்: கையால் நரம்பை இழுத்தால் வம்பு பண்ணாமல் ஓட வேண்டும். மீனை நரம்பில் தூக்கிப் படகில் போடாமல் வலையால் அள்ளுங்கள். நரம்பு தளர ஒரு நொடிகூட விடக்கூடாது. 1/8 அவுன்ஸ் ஜிக்கில் இந்தத் தொல்லை கூடும், பாரமே ஓட்டையைக் கிழிக்கும்.

படகு இல்லை. கரையிலிருந்து கிடைக்குமா?

கிடைக்கும். வெப்ப வாரம் கரைக்காரர்களுக்குத்தான் அதிர்ஷ்டம். 154, 515 சாலைப் பாலங்களின் கற்குவியல் ஓரங்களும், கட்டணம் வாங்கிக்கொண்டு விடும் மரீனா (படகுத்துறை) மேடைகளும் நல்ல இடங்கள். நகரும் தக்கையை நாலடியில் வைத்துத் தொடங்கி, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓரடி இறக்குங்கள். கற்கள் ஆழத்தில் முடிந்து சேறு தொடங்கும் கோடு ஒன்று உண்டு. ஈயம் தட்டும் விதத்திலேயே தெரியும். மீன் அங்கேதான் நிற்கும். சாலையோரம் வண்டியை எங்கே நிறுத்தலாம் என்ற பலகையைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

வாங்கிய பொடிமீன் மத்தியானத்துக்குள் செத்துப்போகிறதே?

சூடேறிய தண்ணீரில் உயிர்க்காற்று குறைவு. கடையில் 55 டிகிரியில் இருந்ததை 80 டிகிரி வெயிலில் பிளாஸ்டிக் வாளியில் வைத்தால் அது தாங்காது. தெர்மாகோல் பெட்டியும், பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுக் கருவியும் வாங்குங்கள். அரை நாளுக்கு மூன்று டஜன் போதும், நெரிசலும் கொல்லும். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் செய்த ஐஸில் குளோரின் இருக்கும். தண்ணீரை மூடிய பாட்டிலில் உறையவைத்து அந்தப் பாட்டிலை மிதக்கவிடுங்கள்.

நாளைக்கு வாடைக்காற்று என்கிறார்கள். போகலாமா?

அது எத்தனை மணிக்கு வருகிறது என்று பாருங்கள். வாடைக்காற்று வருவதற்கு முந்தைய மூன்று நான்கு மணி நேரம், மேகம் கூடித் தெற்குக் காற்று வலுக்கும் நேரம், பல சமயம் அந்த வாரத்திலேயே சிறந்தது. காற்று திரும்பிய மறுநாள் நீலவானம் பளிச்சென்று இருக்கும். மீன் இருக்காதோ என்று தோன்றும். இருக்கும், ஆனால் வாயைத் திறக்காது. முந்தின நாள் பிடித்த இடத்துக்கு மிக அருகே, ஏரித்தரை சட்டென்று ஆழமாகும் முதல் இறக்கத்துக்குப் போங்கள், பழைய முப்பதடி ஆழத்துக்கு ஓட வேண்டியதில்லை. மரத்தை ஒட்டி, பட்டையில் உரசுகிற அளவுக்கு நெருக்கமாகப் பொடிமீனை இறக்கி அசைக்காமல் வையுங்கள். வெப்பநாளில் மரத்திலிருந்து மூன்றடி தள்ளிப் போட்டாலும் வந்து கொத்திய அதே மீன், இன்றைக்கு அரையடி நகராது.

எத்தனை எடுக்கலாம்? சின்ன மீனைத் திருப்பி விடலாமா?

இதில்தான் அதிகம் பேர் அபராதம் கட்டுகிறார்கள். டெக்சாஸ் முழுவதும் பொது விதி: பத்து அங்குலத்துக்குக் குறையாதது, ஆளுக்கு ஒரு நாளைக்கு 25. ஆனால் லேக் ஃபோர்க்கிலும் லேக் ஓ தி பைன்ஸ் ஏரியிலும் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி நாள் வரை தனி விதி. குறைந்தபட்ச அளவு கிடையாது, பிடித்த கிராப்பி எதையும் திருப்பி விடவும் கூடாது. ஐந்தங்குலக் குஞ்சு வந்தாலும் அது உங்கள் 25-இல் ஒன்று.

காரணம் நியாயமானது. குளிர்காலத்தில் முப்பதடி ஆழத்திலிருந்து இழுத்த மீனின் காற்றுப்பை அழுத்தம் குறைந்து ஊதிவிடும். திருப்பி விட்டால் நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும் நிறைய மீன் செத்துப்போகும். பெரிதாகத் தேடிச் சின்னதையெல்லாம் வீசியெறிவதைத் தடுக்கத்தான் இந்த விதி.

வெப்பமான பிப்ரவரியில் மீன் ஐந்தடியில் நிற்கும், காற்றுப்பைத் தொல்லை இருக்காது. இருந்தாலும் விதி நாட்காட்டிப்படிதான், தண்ணீர்ப்படி அல்ல. குஞ்சு மீன் தொடர்ந்து வந்தால் இடத்தை மாற்றுங்கள். மார்ச் 1 விடிந்ததும் பத்தங்குல விதி திரும்பிவிடும்; பிப்ரவரி கடைசி வார இறுதியில் போகிறவர்கள் தேதியைக் கவனியுங்கள். டெக்சாஸ் பூங்கா, வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் விதிகளைப் புதுப்பிக்கிறது, போகுமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 17 வயது நிறைந்தவர்களுக்கு உரிமம் கட்டாயம். வழக்கமான ஆண்டு உரிமம் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31-இல் முடியும்.

இடையில் பாஸ் சிக்கினால்?

சிக்கும். டெக்சாஸ் மாநிலத்தின் பாஸ் சாதனையான 18.18 பவுண்டு மீனே 1992 ஜனவரியில் இதே ஏரியில், கிராப்பிக்காகப் போட்ட பொடிமீனைக் கவ்வி வந்ததுதான். லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸை உடனே திருப்பி விட வேண்டும். பெட்டியில் போட்டுவிட்டுப் பிறகு அளக்கலாம் என்று இருக்காதீர்கள்.

நீருக்கடியில் மீனை ஒலியலையால் திரையில் காட்டும் லைவ்ஸ்கோப் போன்ற கருவி இல்லாமல் முடியாதா?

முடியும். முழுகிய மரங்களுக்கு நடுவே திரியும் மீனை அது நேரடியாகக் காட்டுவது உண்மை. ஆனால் இந்த வெப்ப வாரங்களில் மீன் 8–15 அடிக்குள், கணிக்கக்கூடிய மரங்களில் நிற்கிறது. ஆழம் காட்டும் சாதாரணக் கருவியும் பொறுமையும் போதும். ஒரு மரத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள்.

வெயிலாக இருக்கிறதே, உயிர்காப்பு அங்கி வேண்டுமா?

கட்டாயம். காற்று 80, தண்ணீர் 55. இந்த வித்தியாசம்தான் ஆபத்து: டி-ஷர்ட்டோடு விழுகிறவருக்கு மூச்சு திணறி, சில நிமிடங்களில் கைகால் சொன்னபடி கேட்காது. 26 அடிக்குக் குறைவான படகு ஓடும்போது 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அங்கி அணிவது சட்டம், பெரியவர்களுக்குப் புத்தி. குறியிட்ட படகுத் தடத்தை விட்டு வேகமாக ஓட்டாதீர்கள், நீர்மட்டத்துக்கு அரையடி கீழே மரக்கட்டைகள் நிற்கின்றன. கரையேறியதும் படகிலும் மீன்தொட்டியிலும் உள்ள தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டுத்தான் சாலையில் ஏற வேண்டும், அதுவும் சட்டம்.

வீட்டுக்கு வந்ததும் சதை குழைந்துபோகிறது. என்ன தவறு?

பிடித்த மீனைக் கயிற்றில் கோத்து மேல் தண்ணீரில் தொங்கவிட்டிருப்பீர்கள். சூடான மேல் தண்ணீரில் அது மெதுவாகச் செத்து, சதை தளர்ந்துவிடும். பிடித்தவுடன் ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த பெட்டியில் போடுங்கள். வெறும் ஐஸ் கட்டிகளை விட இந்தக் குழைவு வேகமாகக் குளிர்விக்கும். தண்ணீர் அதிகமாகி ஐஸ் மிதக்கத் தொடங்கினால் வடித்துவிட்டு ஐஸ் சேருங்கள். எண்ணிப் பார்க்க ஏற்றபடி மீனை வீடு சேரும்வரை முழுதாகவே வைத்திருப்பது நல்லது.

பத்தங்குல மீனில் இரு பக்கமும் மெல்லிய இரு துண்டுகள் வரும். விலா எலும்பைக் கத்தி நுனியால் சீவி எடுத்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம். சதை மென்மை, புளிக்குழம்பில் கொதிக்கவிட்டால் உடைந்து கரைந்துபோகும். குழம்புதான் வேண்டும் என்றால் எலும்போடு குறுக்கே இரண்டாக நறுக்கி, குழம்பு கொதித்து அடங்கியபின் போட்டு, கரண்டி போடாமல் ஐந்தாறு நிமிடத்தில் இறக்குங்கள். வறுவலுக்கு மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு, ஒட்டுவதற்கு ஒரு ஸ்பூன் அரிசி மாவு. கால் மணி நேரம் ஊறினால் போதும். அதற்கு மேல் ஊறினால் எலுமிச்சை சதையை வெளுக்க வைத்துவிடும். நல்ல சூட்டில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். பிப்ரவரிப் பெண் மீனில் முட்டைச் சினை நிறைந்திருக்கும். அதைத் தூக்கி எறியாமல், கழுவி, அதே மசாலாவில் குறைந்த தீயில் மூடி வேகவையுங்கள். சூடான எண்ணெயில் போட்டால் வெடித்துத் தெறிக்கும்.